சும்மா பாட்டில்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் மண் எடுத்து வருகிறவரைச் 'சும்மா அண்ணன்' என்றுதான் கூப்பிடுவோம். ஆனால் மனிதர் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. பட்டப்பெயருக்குக் காரணம் ஒரு பாட்டில். மண் மாதிரிகள் வைக்கும் பெட்டியில், சுத்தமான தண்ணீர் நிரப்பி மூடிய பாட்டில் ஒன்றும் கூடவே போகும். அதைத் திறக்கக் கூடாது. போனபடியே திரும்ப வேண்டும். அதில் பெட்ரோல் ஏறியிருந்தால் மாதிரிகள் வழியிலேயே கெட்டுவிட்டன என்று அர்த்தம். அதுதான் சும்மா பாட்டில்.

மனைவி தவறிய பிறகு அவரும் ஏறக்குறைய அப்படித்தான் போய் வந்துகொண்டிருந்தார். சைக்கிள் கடைக்கு மேலே ஒற்றை அறை. காலையில் வடித்த சோறுதான் ராத்திரிக்கும். மகள் வெளியூரில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் செய்வாள், சில ஞாயிறுகளில் மறந்துவிடுவாள். வேலை என்று வந்துவிட்டால், மாதிரியில் எதுவும் கலந்துவிடக் கூடாதென்று வாசனை சோப்புகூடப் போடமாட்டார். துளை போடும் மிஷினுக்கான பெட்ரோலை முந்தின நாளே வாங்கித் தனியாக அனுப்பிவிடுவார். அப்படிப்பட்டவர்தான் கோட்டை விட்டார்.

மூடிப்போன பெட்ரோல் பங்க் அது. பூமிக்கடியில் இருந்த டாங்கை வெளியே எடுத்துவிட்டார்கள். கசிந்திருக்கிறதா என்று நாங்கள் சொல்ல வேண்டும். பின்சுவரை ஒட்டிய வீட்டில் ஒரு தையல்கார அம்மா தனியாகக் குடியிருந்தார். மண்ணில் பெட்ரோல் இருந்தால் அவர் வீட்டைக் காலி செய்தாக வேண்டும். தைக்க வந்த துணிகளைக்கூட வாங்காமல் முடிவுக்காகக் காத்திருந்தார்.

அவர் வீட்டு மண்ணைச் சோதித்தது நான்தான். பெட்ரோல் இருந்தது. சேதி எப்படியோ அந்த அம்மாவுக்கும் போய்விட்டது. பிறகு சும்மா பாட்டிலையும் பார்த்தேன். அதிலும் பெட்ரோல்.

"அண்ணே, வண்டியில என்ன வெச்சிருந்தீங்க?"

அவர் முகம் விழுந்துவிட்டது. "பெட்ரோல் கேன். முந்தின நாள் ஞாயித்துக்கிழமை. வெளிய போனா சத்தத்துல பொண்ணு பேசறது கேக்காதுன்னு வீட்டுலயே இருந்துட்டேன். காலைல அவசரமா வாங்கி, பெட்டிக்குப் பக்கத்துலயே வெச்சுட்டேன்."

"பேசினாங்களா?"

"இல்ல."

எனக்கு அந்தப் பெண்மேல் பொல்லாத கோபம் வந்தது.

அவர் மறுபடி மண் எடுக்கப் போனபோது அந்த அம்மா சாமான்களை மூட்டை கட்டி வைத்திருந்தாராம். கேனைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்த தப்பு என்னுடையது என்று வாசலிலேயே சொல்லியிருக்கிறார் அண்ணன். "உங்கள நல்லா நாலு வார்த்தை கேக்கணும் தம்பி. என்ன பண்றது, இந்த வாசலுக்கு வந்த ஆளே நீங்க ஒருத்தர்தான்" என்று அந்த அம்மா உள்ளே போய் டீ போட்டுக் கொடுத்திருக்கிறார். சர்க்கரை தூக்கலான அந்த டீயைப் பற்றி அண்ணன் என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்.

இந்தத் தடவை மண்ணும் சுத்தம், பாட்டிலும் சுத்தம். என் மேசையிலிருந்தே அந்த அம்மாவுக்குப் போன் போட்டார். அண்ணனுக்குக் காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"அக்கா, நீங்க எங்கயும் போக வேண்டாம். மண்ணு நல்லா இருக்கு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு, "அப்ப இனிமே நீங்க வரமாட்டீங்க."

"வேலை முடிஞ்சிருச்சுக்கா."

"பேசாம இந்தத் தடவையும் கேனைப் பக்கத்துல வெச்சுக்கிட்டே போயிருக்கலாம் தம்பி."

அண்ணன் சிரித்துக்கொண்டே போனை வைத்தார். சிரிப்பு கொஞ்ச நேரம்தான் இருந்தது.

"ஒரு நாள் போயிட்டு வாங்கண்ணே" என்றேன்.

"என்னன்னு சொல்லிப் போறது?"

"சும்மா வந்தேன்னு சொல்லுங்க."

இத்தனை காலம் அந்தப் பாட்டிலைச் சுமந்தவர், அந்தச் சொல்லை அன்றைக்குத்தான் கேட்பவர்போல என்னைப் பார்த்தார். அடுத்த வேலைக்கான பெட்டியில் புதுப் பாட்டிலை வைத்து மூடினார்.

"என் பொண்ணுக்கே நான் சும்மா போன் பண்ணதில்லப்பா" என்றார்.