மிஸ் தெய்வானை போடாத கையெழுத்து

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, சிரம்பான் அலுவலகத்தில் எனக்குத் தொலைபேசி வந்திருப்பதாகச் சொன்னார்கள். மலாக்கா அலுவலகத்து டிரைவர் யூசோப் பேசினார். எப்போது பேசினாலும் என் மனைவி மக்களின் சுகத்தை விசாரித்துவிட்டுத்தான் அவர் விஷயத்துக்கு வருவார். அன்று எதையும் விசாரிக்கவில்லை. "மிஸ் தெய்வானை இனி இல்லை, மாணிக்கம். நேற்றுச் சாயங்காலம்" என்று மலாயில் சொன்னார். தொலைபேசியை யார் முதலில் வைத்தது என்பது எனக்கு நினைவில்லை.

நான் மலாக்காவுக்குப் பஸ் பிடித்துக் காஜா பெராங்கில் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள். அவருடைய தங்கை மீனாட்சி என்னைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டார். வீட்டுக்குள் மலாய்ப் பேச்சுத்தான். அந்தக் குடும்பத்தில் தமிழ் பேசத் தெரிந்த ஒரே ஆள் போய்விட்டார்.

அவரைத் தெரிந்த உங்களுக்கு அவருடைய தோற்றத்தைச் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பல தலைமுறைக்கு முன் வந்து தமிழை மறந்துபோன செட்டிகளின் கிராமமான காஜா பெராங் செட்டிக் கம்பத்தில் பிறந்தவர். நெற்றியில் விபூதி, உடம்பில் மலாய்ப் பெண்களைப்போல் கெபாயாச் சட்டை, சாரோங் கைலி. கொண்டையில் மூன்று ஊசிகள். மலாக்கா பண்டார் ஹிலிரில், அப்போது நானும் வேலை பார்த்த எங்கள் அலுவலகத்துக்குச் சைக்கிளில் வருவார். அம்மா செட்டிக் கம்பத்துப் பெண். அப்பா நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்தவர். அதனால் ஊரில் மற்றவர்களுக்கு இல்லாத தமிழ் அவருக்குக் கொஞ்சம் இருந்தது. அப்பா போனபோது சிறு குழந்தையாக இருந்த மீனாட்சிக்கு அது வாய்க்கவில்லை. "எங்கப்பா போனப்புறம் உங்ககிட்டதான் தமிழ் பேசுறேன், மாணிக்கம். தப்பா வந்தா சிரிக்காதீங்க" என்பார். தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது. உயிரோடு இருந்திருந்தாலும் இந்தக் கட்டுரையை யாராவது படித்துக் காட்டத்தான் வேண்டியிருக்கும்.

சுதந்திரம் வந்த புதிது. கம்பங்களில் கிணறு, பாலம், பள்ளிக்கூடம், மருத்துவ நிலையம் என்று அரசாங்கம் வேகமாகக் கட்டிக்கொண்டிருந்தது. கட்டியதாகச் சொன்னதெல்லாம் உண்மையிலேயே கட்டப்பட்டிருக்கிறதா, மக்களுக்கு உபயோகப்படுகிறதா என்று நேரில் போய்ப் பார்த்து அறிக்கை எழுதுவது எங்கள் வேலை. நாங்கள் எழுதிய அறிக்கை அப்படியே கோலாலம்பூருக்குப் போய்விடாது. நடுவில் மிஸ் தெய்வானையின் மேசை இருந்தது. அறிக்கையின் ஒவ்வொரு வரியையும் எங்கள் குறிப்புப் புத்தகத்தோடும் டிரைவரின் பயணப் புத்தகத்தோடும் அவர் ஒப்பிட்டுப் பார்ப்பார். எல்லாம் பொருந்தினால் கடைசிப் பக்கத்தின் மூலையில் தன் கையெழுத்தைப் போடுவார். அது இல்லாமல் எதுவும் வெளியே போகக் கூடாது என்பது வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் வைத்துவிட்டுப் போன விதி.

நான் எழுதிய இரண்டாவது அறிக்கை மூன்று கிணறுகளைப் பற்றியது. "மூன்றும் நல்ல நிலையில் உள்ளன" என்று எழுதியிருந்தேன். மறுநாள் அவர் என்னைக் கூப்பிட்டார்.

"இந்த மூணாவது கிணறு. தண்ணி எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு, மிஸ்."

"குடிச்சீங்களா?"

ரோட்டில் நின்றபடி சிமெண்ட் வளையத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பியவன் நான். அவர் அறிக்கையை மூடி என் பக்கம் நகர்த்தினார். "குடிச்சுட்டு வந்து எழுதுங்க. நான் எங்கயும் போக மாட்டேன்" என்றார். குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை. அடுத்த நாள் போய்க் குடித்துப் பார்த்தேன். உப்புத் தண்ணீர். கட்டி எட்டு மாதமாகியும் அந்தக் கம்பத்துப் பெண்கள் பழைய குளத்துக்குத்தான் குடம் எடுத்துக்கொண்டு போனார்கள். அதை எழுதினேன். அவர் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பாராட்டு ஒன்றும் சொல்லவில்லை. மத்தியானம் அவர் வீட்டிலிருந்து வந்த மிளகுக் குழம்பில் கொஞ்சம் என் தட்டுக்கு வந்தது.

அலுவலகத்தில் பலருக்கு அவரைப் பிடிக்காது என்று சொன்னால் அது பொய். எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் தங்கள் அறிக்கை அவர் மேசையில் கிடக்கும் நாட்களில் மட்டும் பிடிக்காது. ஒருமுறை நான் எரிச்சலில் கேட்டேன்: "இவ்வளவு தோண்டித் தோண்டிப் பார்த்து என்ன மிஸ் ஆகப்போகுது?" அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். "கோலாலம்பூர்ல இருக்கறவங்க அந்தக் கம்பத்துக்கு வர மாட்டாங்க. நாம எழுதறதுதான் அவங்களுக்குக் கம்பம்" என்றார். வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. அவருக்கு முப்பதைத் தாண்டியிருக்காது.

இனி எழுத வேண்டியது எனக்குச் சிரமமானது.

மாநிலத்தின் எல்லையில், ஆற்றுக்கு அப்பால் ஒரு கம்பம். பெயர் வேண்டாம். அங்கே புதிதாகப் பிரசவ நிலையம் ஒன்று கட்டியிருந்தார்கள். அதைப் பார்த்து எழுதும் வேலை எனக்கு வந்தது. போக வேண்டிய நாள் காலையில், ஏழு மாதக் கர்ப்பமாக இருந்த என் மனைவிக்கு இரத்தம் போகத் தொடங்கியது. புக்கிட் பாரு வீட்டிலிருந்து வாடகைக் காரில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் சொல்ல மூன்று நாளாயிற்று. லீவு கேட்கப் பயந்தேன். என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அடுத்த மாதம்தான் அந்த உத்தரவு வரவேண்டும். கம்பத்துத் தலைவரான பெங்குலு எழுதியிருந்த கடிதம் ஒன்று கோப்பில் இருந்தது. நிலையம் திறந்துவிட்டது, மருத்துவச்சி வந்துவிட்டார், எல்லாம் திருப்தி என்று அதில் இருந்தது. அதைப் பார்த்து, நானே போய்ப் பார்த்ததுபோல் அறிக்கை எழுதிவிட்டேன்.

மிஸ் தெய்வானை என்னைத் தன் மேசைக்குக் கூப்பிடவில்லை. அவரே எழுந்து என்னிடம் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அன்னைக்கு யூசோப் கார் எடுக்கலையே?"

"பஸ்ஸுல போனேன், மிஸ்."

"ஆத்தை எப்படித் தாண்டினீங்க?"

"படகுல."

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "வீட்டுல இப்ப எப்படி இருக்காங்க?" என்று கேட்டார். ஆஸ்பத்திரி விஷயம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நான் இதை ஒரு வாரம் என்கிட்ட வச்சிருக்கேன். நீங்க போய்ப் பார்த்துட்டு வந்து மாத்தி எழுதிடுங்க. யாருக்கும் தெரிய வேணாம்" என்றார்.

அந்த ஒரு வாரம் எனக்குக் கிடைக்கவில்லை. மறுநாளே மேலதிகாரி அந்த அறிக்கையைக் கேட்டார். அந்த வட்டாரத்துக்கு மந்திரி ஒருவர் வரப்போகிறாராம். வெள்ளிக்கிழமைக்குள் கோலாலம்பூரில் இருக்க வேண்டும். மேலதிகாரி அறையில் நாங்கள் மூவரும் நின்றோம். மேலதிகாரி, கையெழுத்தில்லாத கடைசிப் பக்கத்தைக் காட்டி, "என்ன குறை?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"இதை என்னால் சரிபார்க்க முடியவில்லை, சார்."

"எந்த வரியை?"

"முழுவதையும்."

"காரணம்?"

"என்னால் சரிபார்க்க முடியவில்லை, சார்."

நான் மிஸ் தெய்வானைக்கு இரண்டு அடி தள்ளி நின்றேன். அவர் ஒருமுறைகூட என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் மேலதிகாரிக்கு எல்லாம் விளங்கியிருக்கும். நான் வாய் திறந்திருந்தாலும் விளங்கியிருக்கும். மேலதிகாரி என்னைப் பார்த்து, "நீ போனாயா?" என்று கேட்டார். "போனேன், சார்" என்றேன்.

மறுநாளே மிஸ் தெய்வானையின் மேசைக்கு வேறொரு கிளார்க் வந்தார். அவரைக் கட்டடத்தின் பின்பக்கத்தில் பழைய கோப்புகள் அடுக்கிய அறைக்கு மாற்றினார்கள். ஜன்னல் இல்லாத அறை. புதிய கிளார்க் கையெழுத்துப் போட, என் அறிக்கை போயிற்று. அடுத்த மாதம் என் வேலை நிரந்தரமாயிற்று. அதற்கு அடுத்த மாதம் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது.

குழந்தைக்கு நாற்பது நாள்கூட ஆகவில்லை. யூசோப் ஒரு காலை என்னிடம் வந்து, அந்தக் கம்பத்தில் ஒரு பெண் பிரசவத்தில் இறந்துவிட்டாள் என்றார். யூசோப்பின் மனைவிக்கு அங்கே உறவு உண்டு. வலி எடுத்ததும் அவளை அந்தப் புதிய நிலையத்துக்குத்தான் தூக்கிப் போயிருக்கிறார்கள். பூட்டியிருந்தது. மருத்துவச்சி என்று யாரும் அங்கே ஒருநாளும் வரவில்லை. வருவார் என்று சொன்னதை நம்பித்தான் பெங்குலு அந்தக் கடிதத்தை எழுதியிருக்கிறார். அங்கிருந்து படகில் ஏற்றி டவுனுக்குக் கொண்டுவரும் வழியில் ஆற்றிலேயே தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள்.

அன்று பிற்பகல் பின்பக்க அறைக்குப் போனேன். அவர் கோப்புகளின் தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். செய்தி அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் அழ விட்டார். பிறகு ஸ்டூலைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"மேலதிகாரிகிட்ட எல்லாத்தையும் சொல்லிடறேன், மிஸ்."

"சொல்லுங்க. ஆனா முதல்ல அங்க போங்க. அங்க இன்னும் எத்தனை பேரு மாசமா இருக்காங்கன்னு தெரியுமா உங்களுக்கு?"

மறுநாளே போனேன். பூட்டைப் பார்த்தேன். இறந்தவளின் தாயாரைப் பார்த்தேன். அந்த அம்மாள் எனக்குக் காப்பி கொடுத்தார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. கம்பத்தில் கர்ப்பமாக இருந்தவர்களின் பெயரையெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு வந்தேன். அந்த அறிக்கை போன மூன்றாம் வாரம் அங்கே மருத்துவச்சி வந்து சேர்ந்தார். ஆனால் அதில் நான் ஒரு வரி எழுதியிருந்தேன்: "முந்தைய பார்வையிடலுக்குப் பிறகு நிலைமை மாறியுள்ளது." அனுப்புவதற்கு முன் மிஸ் தெய்வானையிடம் கொண்டுபோய்க் காட்டினேன். சரிபார்க்கும் அதிகாரம் அப்போது அவருக்கு இல்லை. இருந்தாலும் காட்டினேன். அந்த வரிக்கு வந்ததும் அவருடைய விரல் நின்றது.

"மாறல, மாணிக்கம்" என்றார்.

"தெரியும், மிஸ். குழந்தை இருக்கு. வேலை போயிடும்."

அவர் காகிதங்களை ஒழுங்காக அடுக்கி என்னிடம் திருப்பிக் கொடுத்தார். அதன் பிறகு அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசியதில்லை. என்னோடு பேசுவதை நிறுத்தவுமில்லை. என் மகளுக்குக் காது குத்தியபோது ஜாலான் துக்காங் எமாஸ் பிள்ளையார் கோயிலுக்கு வந்தார். குழந்தையை மடியில் வாங்கி வெகுநேரம் வைத்திருந்தார். இரண்டு ஆண்டு கழித்து எனக்குப் பதவி உயர்வோடு சிரம்பானுக்கு மாற்றலானது. அவர் அந்தப் பின்பக்க அறையிலேயே இருந்தார்.

இந்த ஆண்டு தொடக்கத்தில் அவருக்கு வயிற்றில் கட்டி என்று கேள்விப்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மிகவும் இளைத்திருந்தார். கொண்டையை அவிழ்த்துப் பின்னல் போட்டிருந்தார்கள். அடையாளமே மாறிப்போயிருந்தது. வழியெல்லாம் மன்னிப்புக் கேட்க மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போயிருந்தேன். ஆரம்பித்ததும் அவர் கையைத் தூக்கித் தடுத்தார்.

"என்கிட்ட என்ன கேக்கறது? நான் கோப்புகளோட நல்லாத்தான் இருந்தேன். அந்த ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கற அம்மாகிட்ட கேக்கணும்."

பிறகு களைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அவர் என்னிடம் பேசியது அதுதான் கடைசி.

செவ்வாய்க்கிழமை அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, பழைய அலுவலக நண்பர்கள் சிலரும் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்: "தங்கமான மனுஷி. கொஞ்சம் பிடிவாதம். மேலதிகாரி சொன்னதைக் கேட்டிருந்தா அந்த மேசையிலயே இருந்திருப்பாங்க." மற்றவர்கள் தலையாட்டினார்கள். மீனாட்சிக்குத் தமிழ் புரியாது. "என்ன சொல்கிறார்?" என்று என்னிடம் மலாயில் கேட்டார். "உங்கள் அக்கா நல்லவர் என்கிறார்" என்றேன். அந்த வீட்டில் அப்படிச் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

மறுநாள் காலை அலுவலகத்தில் உட்கார்ந்து, நடந்ததையெல்லாம் ஆங்கிலத்தில் எழுதினேன். பெயர் போட்டு, மலாக்கா அலுவலகத்துக்கும் கோலாலம்பூருக்கும் அனுப்பிவிட்டேன். என் மனைவியிடமும் முழுவதையும் சொன்னேன். அவள், "அவங்க இருக்கும்போதே சொல்லியிருக்கலாமே" என்றாள். வேலை என்ன ஆகும் என்பது இதை எழுதும்வரை தெரியாது. வரும் ஞாயிற்றுக்கிழமை யூசோப் என்னை ஆற்றைத் தாண்டி அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாள் இன்னும் இருக்கிறாராம்.

மிஸ் தெய்வானையின் பொருள் ஒன்றும் என்னிடம் இல்லை. நான் பொய் சொன்ன அந்த அறையில் என் பக்கம் திரும்பாமல் நின்ற அவருடைய முகத்தின் ஒரு பக்கம்தான் இருக்கிறது. காஜா பெராங்கிலும் பண்டார் ஹிலிரிலும் அவரை அறிந்தவர்களே, அவர் பிடிவாதத்தால் மேசையை இழந்தார் என்று இனி யாரும் சொல்ல வேண்டாம். என்னால் இழந்தார். மீனாட்சியிடம் இதை யாராவது மலாயில் படித்துச் சொல்லுங்கள்.