புது வலையின் முதற்பாடு

கையை விட்டால் சாவு. விடாமல் தொங்கினாலும் இன்னும் கொஞ்ச நேரத்தில் சாவுதான். ஒன்பது வயதில், ராட்டினத்தின் உயரத்தில் தொங்கியபடி எனக்கு அதுமட்டும் நன்றாக விளங்கியது.

சகோதரங்களே, நான் முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவள். அறுபத்துநாலாம் ஆண்டுப் புயலுக்கு இரண்டு வருடம் முந்தி, ஆனி மாதம், எங்கள் அந்தோனியார் கோயில் பெருநாளில் நடந்தது இது. எனக்கு முழங்காலுக்குத்தான் வயதாகிவிட்டது, ஞாபகத்துக்கு இல்லை.

அந்த வருடம் வவுனியாப் பக்கமிருந்து லொறியில் ஒரு கார்னிவல் வந்து, கோயிலுக்கும் கடலுக்கும் நடுவே மணலில் இறங்கியது. எட்டுப் பெட்டி வைத்த இரும்பு ராட்டினம், இயந்திரத்தில் சுற்றுவது. அதற்குக் கிட்ட, பூவரச மரத்தடியில், என் தகப்பன், எங்கள் ஐயாவின் புதுக் கரைவலை கிடந்தது.

கரைவலை என்றால் இருபது பேர் கரையில் நின்று இழுக்கிற பெரிய வலை. புது வலையைப் பெருநாளன்று கோயிலடிக்குக் கொண்டுவந்து, எங்கள் பங்குக் குருவான சுவாமி ஆசீர்வதித்த பிறகே கடலில் இறக்குவார்கள். அதுவரை கட்டுப் பிரிக்கக் கூடாது. அதில் முதன்முதலாகப் படுவதை முதற்பாடு என்போம். அது முழுவதும் அந்தோனியாருக்கு. ஐயாவும் அப்படித்தான் நேர்ந்திருந்தார். ஆனால் அவர் கோயிலுக்கு வெளியே நின்று கும்பிடுகிற ஆள். பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. சுவாமி வருவதற்கு முன்பே கட்டை அவிழ்த்து, மீன் சேரும் பையான மடியை மணலில் விரித்து, முடிச்சுகளை இழுத்துப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

அம்மா கண்டுவிட்டார்.

"ஆசீர்வதிக்காத வலையைப் பிரிக்கலாமோ? உங்களுக்கு என்ன விசரோ?"

"முடிச்சு இளகியிருந்தா அந்தோனியாரோ வந்து கட்டுவார்?"

அம்மா அழுதார். ஐயா முறைத்தார். நான் நல்ல சமயம் பார்த்து, பெருநாள் காசோடு நழுவிப்போய் ராட்டினத்தில் ஏறிவிட்டேன்.

இரண்டு சுற்று சொர்க்கம். மூன்றாம் சுற்றில், பெட்டி உச்சியைத் தாண்டிக் கடல் பக்கமாக இறங்கும்போது, படாரென்று ஒரு சத்தம். ஒருபக்கக் கொளுக்கி கழன்று பெட்டி சரிந்தது. நான் வெளியே விழுந்து, குறுக்குக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினேன். இன்னும் சுற்றினால் மற்றக் கொளுக்கியும் போய்விடும் என்று ராட்டினக்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டார். ஏணி ஒன்றைச் சாத்தினார்கள். பாதி உயரத்துக்குக்கூட வரவில்லை. கீழே அம்மாவின் அலறல் கேட்டது.

எனக்கு நீளமான செபங்கள் எல்லாம் மனப்பாடம். ஒன்றும் வரவில்லை. "அந்தோனியாரே, என்னைப் பிடியும்" என்று மட்டும் கத்தினேன். திரும்பத் திரும்ப அதையே கத்தினேன்.

அப்போதுதான் ஐயாவின் குரல் கேட்டது. "மடியை எடுங்கோடா! ஓடி வாங்கோ!"

கட்டோடு கிடந்திருந்தால் அந்த வலையைப் பிரிக்கவே அரை மணித்தியாலம் போயிருக்கும். ஐயா செய்த பிழையால் மடி விரித்தபடியே கிடந்தது. இருபது கடற்றொழிலாளர்கள் அதை மடித்துத் தடிப்பாக்கி, எனக்கு நேர் கீழே நெஞ்சுயரத்தில் இழுத்துப் பிடித்தார்கள்.

"கையை விடு பிள்ளை!"

"மாட்டன் ஐயா!"

"ஐயா கீழை நிக்கிறன். விடு ராசாத்தி!"

பிடியும் என்று கேட்டவள் நான்தான். பிடிக்க ஆயத்தமாக அவர்கள் நின்றபோது, துருப்பிடித்த கம்பியை விட மனம் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "அந்தோனியாரே" என்று சொல்லிக் கையை விட்டேன்.

வலை என்னை வாங்கியது. ஓர் எலும்பும் முறியவில்லை. கன்னத்தில் மட்டும் வலைக்கண்கள் பதிந்து மூன்று நாள் சிவந்திருந்தன.

ஐயா என்னைத் தூக்கிக்கொண்டு நேரே கோயிலுக்குள் போனார். அவர் பீடம்வரை போனதை அன்றைக்குத்தான் ஊர் கண்டது. சுவாமியின் முன்னால் என்னை இறக்கிவிட்டார்.

"சுவாமி, புது வலையின்ரை முதற்பாடு அந்தோனியாருக்கெண்டு நேர்ந்தனான். முதற்பாடு இவள்தான்."

அம்மா திடுக்கிட்டு என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். சுவாமி என் தலையில் கை வைத்தார்.

"ஓம், இவ அந்தோனியாற்றை பிள்ளைதான். வளத்துத் தாங்கோ எண்டு உங்களிட்டைத் தாறார். ஆரின்ரை பிள்ளை எண்டதை மட்டும் மறந்திடாதேங்கோ."

ஐயா மறக்கவில்லை. சாகும்வரை ஒரு ஞாயிறு பூசையும் விடவில்லை. என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், "உங்கடை பிள்ளையைக் கொண்டந்திருக்கிறன்" என்று அந்தோனியார் சொரூபத்தைப் பார்த்துச் சொல்லுவார். பிறகு புயல் வந்து வலையையும் வீட்டையும் கொண்டுபோனது. ஐயா அன்றைக்கும் அதே வசனத்தைச் சொன்னார். எங்கள் எல்லோரையும் உயிரோடு கரைசேர்த்த அந்தோனியாருக்கு நன்றி.

சகோதரங்களே, செபம் கேட்கப்படவில்லை என்று என்னிடம் வந்து அழுகிறவர்களுக்கு நான் ஒன்றைத்தான் சொல்லுவேன். கீழே ஒருமுறை பாருங்கோ. வலை எப்போதோ விரித்தாகிவிட்டது. நீங்கள்தான் இன்னும் கம்பியை விடவில்லை.