கேட்டில் ஒரு பெருக்கல் குறி

என் அப்பாவுக்கு இரும்பைக் கண்டால் கை சும்மா இருக்காது. பெயிண்ட் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் அவர் வேலையே அதுதான். பூச்சடித்த இரும்புத் தகட்டில் ஊசியால் பெருக்கல் குறி கீறி, உப்புத் தண்ணீரைப் பனியாகத் தூவும் பெட்டிக்குள் வைத்து, கீறலில் துரு பரவுகிறதா என்று பார்ப்பார். வீட்டில் பீரோ, ஃபிரிட்ஜ், அம்மாவின் தையல் மெஷின் எதுவும் தப்பவில்லை.

நான் விரும்பியவரின் வீட்டுக்குக் கல்யாணம் பேசப் போனோம். அவருடைய அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். சிரிப்புக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். வாசலில் புத்தம்புது இரும்புக் கேட். "கையைப் பாக்கெட்டுலயே வச்சுக்கோங்கப்பா" என்று வழியெல்லாம் கெஞ்சியிருந்தேன். பாக்கெட்டில்தான் ஊசி இருந்தது.

பெல் அடித்துவிட்டுத் திரும்பினால் கேட்டில் பெருக்கல் குறி. தலைமையாசிரியரும் பார்த்துவிட்டார்.

"என்ன சார் இது?"

"சும்மா கீறிப் பாத்தேன். பூச்சு சரியில்ல சார். ஒரு மழை தாங்காது."

காப்பிகூட வரவில்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் முட்டிக்கொண்டு வந்தன. "அந்தக் கேட்டைச் சரிபண்ணிட்டு வந்து என்கிட்ட பேசுங்க!" என்று அப்பாவிடம் கத்தினேன்.

அடுத்த ஞாயிறு, சோதனைக்கூடத்தில் செய்த பச்சைப் பூச்சோடு போனார். அது மின்சாரம் கடத்தும் ஒருவகை பிளாஸ்டிக்காம். கீறல் விழுந்த இடத்திலும் இரும்பின்மேல் மெல்லிய தோல் வளரவைத்துத் துருவைத் தடுக்குமாம். பூசிக் காய்ந்ததும், பழைய இடத்திலேயே புதிதாக ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு வந்தார் மனிதர்.

மறுநாள் அந்த வீட்டம்மா சோப்புத் தண்ணீர் ஊற்றித் தேய்க்க, கேட் நீலமாகிவிட்டது. சோப்பின் காரம் பட்டால் அந்தப் பூச்சு நீலமாகுமாம், புளிப்பு பட்டால் பச்சைக்குத் திரும்புமாம். அப்பா வினிகர் பாட்டிலோடு ஓடினார். துடைத்ததும் மறுபடி பச்சை. தெருவே கூடி, "இன்னொரு தடவை சார்!" என்று கேட்டதாம். என் மானம் கப்பலேறியது.

மழைக்காலம் முழுக்க அங்கிருந்து பேச்சுமூச்சில்லை. "எங்கப்பா தினமும் கேட் பக்கத்துல குனிஞ்சு எதையோ பாக்கறாரு" என்று மட்டும் நான் விரும்பியவர் போனில் சொன்னார். எனக்கு நம்பிக்கையே போய்விட்டது.

மழை விட்டதும் ஒருநாள் தலைமையாசிரியரே வந்தார். விறுவிறுவென்று உள்ளே போய், அம்மா ஆசையாக வாங்கிய புது வாஷிங் மெஷின்முன் நின்றார். சாவியை எடுத்து நிதானமாக ஒரு பெருக்கல் குறி கீறினார்.

அம்மா அலறினாள்.

"என் கேட்டுல ஒரு பொட்டு துரு இல்ல" என்றார் அவர். "இது எப்படின்னு பாத்துடலாமே, சம்பந்தி."

எனக்கு அம்மாவைத் தேற்றுவதா, துள்ளிக் குதிப்பதா என்று தெரியவில்லை. அப்பா குனிந்து கீறலைத் தடவிப் பார்த்தார்.

"ஆழம் பத்தல, சம்பந்தி" என்று சொல்லி, ஊசியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.