நிச்சயமாக எவ்வளவு?

மலேசியாவின் மாராங் கரையில் ஹஸ்னாவிடம் வாய் கொடுத்து மீண்டவர்கள் குறைவு. கணவன் போன பிறகு மீன் அப்பளக் கொட்டகையையும் ஒரே ஒரு படகையும் இருபத்திரண்டு வருஷமாகத் தனியாகக் கட்டி ஆண்டவள். வட்டி என்ற சொல் காதில் விழுந்தாலே காதைக் கழுவப் போகிறவள்போல முகம் சுளிப்பாள்.

படகின் வரும்படியில் டீசலும் ஐஸும் போக, பாதி அவளுக்கு, பாதி ஆட்களுக்கு. போன மழைக்காலத்தில் கடல் சீறிக்கொண்டிருக்க, படகோட்டி ஜூசோ வந்து தலையைச் சொறிந்தான்.

"அக்கா, மாசம் இவ்வளவுன்னு ஒரு சம்பளம் போட்டுக் குடுத்துடுங்களேன். பிள்ளைங்க பட்டினி."

"முதல் என்னுது, உழைப்பு உன்னுது, ஜூசோ. கடல் குடுத்தா பிரிச்சுக்குவோம். குடுக்கலைன்னா ரெண்டு பேருக்கும் வெறுங்கை. நிச்சயமா இவ்வளவுன்னு கேட்டா அது வட்டி மாதிரிடா. மறுமையில யார் பதில் சொல்றது?"

சம்பளம் கொடுப்பதில் ஒரு பாவமும் இல்லை என்று இமாம் சொல்லியிருப்பார். அவரை அவள் கேட்கவில்லை. ஜூசோ கும்பிடாத குறையாகக் கேட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான்.

படகு எஞ்சின் பழுதாகி இழுத்துக்கொண்டிருந்தது. புதிது வாங்கச் சேர்த்த பணத்தை இஸ்லாமிய வங்கியின் முதலீட்டுக் கணக்கில் போட அவள் போனாள். அங்கு வேலை பார்த்த நஜ்வா என்ற பெண், அத்தை முறையில் 'மக்சிக்' என்று அழைத்து, மூன்று முறை விளக்கினாள்.

"மக்சிக், இது சேமிப்புக் கணக்கு இல்ல. உங்க பணத்தத் தொழில்ல போடுறோம். லாபம் வந்தா பிரிச்சுக்குவோம். நஷ்டம் வந்தா பணம் போட்டவங்களுக்குத்தான்."

"அதெல்லாம் தெரியும்மா. போன வருஷம் எவ்வளவு குடுத்தீங்க?"

நஜ்வா சொன்னாள். அதை ஹஸ்னா வாக்குறுதியாக எடுத்துக்கொண்டாள். தொழுகை முடிந்து கூடிய பெண்களிடம், வட்டியே இல்லாத கணக்கில் பணம் போட்டதைப் பெருமையாகச் சொன்னாள். வரப்போகும் லாபத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு எஞ்சினுக்குச் சொல்லியும் விட்டாள்.

மழை ஓய்ந்தது. லாபம் வந்தது, எதிர்பார்த்ததில் பாதிகூட இல்லை. எஞ்சின் கடைக்காரர் மீதியை மாதாமாதம் தந்தால் போதும் என்றார். ஆனால் முன்பணம் போக ஹஸ்னாவின் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. எஞ்சின் வராவிட்டால் படகு கரையிலேயே கிடக்கும். ஜூசோவை வேன் ஓட்டச் சொல்லி நேராக வங்கிக்குப் போனாள்.

"ஏமாத்திட்டீங்க! இஸ்லாம் பேரச் சொல்லி ஏமாத்திட்டீங்க!"

"மக்சிக், நீங்க பங்காளி..."

"நான் ஏன்டி பங்காளி? பணம் போட்டவ!"

நஜ்வாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பின்னால் நின்ற ஜூசோ, உதவத்தான், மெதுவாகச் சொன்னான்:

"அக்கா, முதல் உங்களுது, உழைப்பு இவங்களுது. கடல் குடுத்தா பிரிச்சுக்குவாங்க. நிச்சயமா இவ்வளவுன்னு கேட்டா அது வட்டி மாதிரி ஆயிடும்ல?"

நஜ்வா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

"இவ்வளவு தெளிவா யாரும் சொன்னதில்ல. எங்க படிச்சீங்க அண்ணே?"

"அக்காதான் சொல்லிக் குடுத்தாங்க."

ஹஸ்னா கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் பழக்கமில்லாததால் கோபம் என்றே நினைத்துக்கொண்டாள். வேனில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

"அக்கா," என்றான் ஜூசோ, சாவியைத் திருகாமல். "நானும் படகுப் பசங்களும் பேசிட்டோம். எஞ்சின் பாக்கிய எங்க பங்குல இருந்து மாசாமாசம் போடுறோம். ஆனா எஞ்சின்ல எங்களுக்கும் பங்கு வேணும்."

 அவள் அடங்கிய குரலில் கேட்டாள்.

"மாசம் நிச்சயமா எவ்வளவு போடுவீங்க?"

"அதெப்படிக்கா நிச்சயமாச் சொல்றது?" என்றான் ஜூசோ, நிஜமான கவலையோடு. "மறுமையில யார் பதில் சொல்றது?"