சூடம் அணைத்த கை

எனக்குப் பயம் பிறவிக் குணம். கவுன்சிலர் ஆனால் குறையும் என்று நினைத்தேன். கூடிப்போனதுதான் மிச்சம்.

மரக்காணத்துப் பக்கம், உப்பளக் கரையில் இருக்கும் ஒரு சின்னப் பேரூராட்சி எங்களுடையது. எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியபோது எனக்கு இருபத்துமூன்று வயது. பி.காம். முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். அப்பா வேலை பார்த்த உப்பளத்தின் முதலாளி ஒருநாள் எங்கள் வாசலில் வண்டியை நிறுத்தினார்.

"ஏம்பா, உம் பொண்ணு படிச்சவதான? நிக்கச் சொல்லு. மத்ததை நான் பாத்துக்கறேன்."

அப்பா தலையாட்டினார். நாங்கள் குடியிருந்த வீடே முதலாளியின் இடத்தில்தான் இருந்தது. ஆட்டாமல் என்ன செய்வார்?

ஜெயித்தேன். முதலாளியும் அவர் வார்டில் ஜெயித்தார். அவருக்குத் தலைவர் நாற்காலி மேல் கண். தலைவரை ஜனங்கள் தேர்ந்தெடுப்பதில்லை, கவுன்சிலர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். எங்கள் பக்கம் எட்டுப் பேர், எதிர்ப்பக்கம் ஏழு பேர். ஒரே ஒரு ஆள் வித்தியாசம். அதனால் எங்கள் எட்டுப் பேரில் யாரும் விலை போய்விடக் கூடாது என்று, பொம்மையார்பாளையத்துப் பக்கம் கடலோர விடுதி ஒன்றில் மூன்று நாள் கொண்டுபோய் வைத்தார்கள். போனை வாங்கிக்கொண்டார்கள். வேளாவேளைக்குப் பிரியாணி வந்தது. பலி ஆட்டுக்கும் முதல் நாள் நல்ல தழைதான் போடுவார்கள் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

என் அறையில் என்னோடு தங்கியவள் பக்கத்து வார்டு கவுன்சிலர். நான் அத்தை என்று கூப்பிடுவேன். இருபது வருஷமாக அதே முதலாளியின் அளத்தில் தலையில் உப்புச் சுமந்தவள். ஏசி குளிருக்கு ரெண்டு போர்வையைச் சுற்றிக்கொண்டு, "காசு குடுத்து எவனாவது நடுங்குவானா பாப்பா?" என்று சிரிப்பாள். அந்த மூன்று நாளில் நான் சிரித்ததெல்லாம் அவளால்தான்.

தினமும் சாயங்காலம் வெள்ளைத்தாளில் எங்களுக்கு ஓட்டுப் போடப் பயிற்சி நடந்தது. "நம்ம பேருக்கு நேரா ஒரு பெருக்கல். வேற எதுவும் போடாதீங்க. புள்ளி வெச்சாக்கூடப் போச்சு." நான் ஒவ்வொரு தடவையும் சரியாகவே போட்டேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எட்டாவது படிக்கும்போதிலிருந்து லீவு நாளில் அளத்தில் மூட்டைக்குக் குறி போடுவது என் வேலை. சுத்தமான உப்பு என்றால் சாக்பீஸால் ஒரு டிக். மண் கலந்திருந்தால் பெருக்கல். அப்பாதான் சொல்லிக்கொடுத்தார். பெருக்கல் என்றால் என் கைக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான்: இது வேண்டாம்.

தலைவர் தேர்தல் நாளன்று மறைப்புக்குப் பின்னால் போய் நின்றேன். வெளியே முதலாளி இருமுகிறார். தாளில் இரண்டு பெயர்கள். சீக்கிரம் முடித்துவிட்டு ஓடிவிட வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பில்லை. போட்டேன், மடித்தேன், பெட்டிக்குள் தள்ளினேன். நாற்காலியில் வந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. முதலாளி பெயருக்கு நேராக டிக் போட்டிருந்தேன். எதிராளி பெயருக்கு நேராகப் பெருக்கல்.

எழுந்து சொல்லியிருக்கலாம். நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன்.

அதிகாரி அந்தத் தாளை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்து, "ரெண்டு பேருக்கும் குறி இருக்குது. செல்லாது" என்றார். ஏழுக்கு ஏழு ஆனது. குலுக்கல் போட்டார்கள். சீட்டு எதிர்ப்பக்கம் விழுந்தது. வெளியே அவர்கள் ஆட்கள் பட்டாசு கொளுத்தினார்கள்.

அன்று மத்தியானமே முதலாளி எங்கள் பக்கத்து மற்ற ஏழு பேரையும் அம்மன் கோயிலுக்கு வரச்சொன்னார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

"தாளை நான் பாத்தேன்" என்றார் அவர். "மூட்டைக்குப் போடுற மாதிரி போட்டிருக்குது. அது உப்பளத்துக் கை. மூணு நாளா சொல்லிக் குடுத்தும் எவளாவது தெரியாம ரெண்டு போடுவாளா? அந்தப் பக்கம் காசு வாங்கிட்டு வேணும்னே செஞ்சது. உப்பளத்துலேர்ந்து வந்தவங்க ரெண்டு பேருதான். சூடம் அணைச்சு சத்தியம் பண்ணுங்க."

தாம்பாளத்தில் சூடம் எரிந்தது. எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் கோர்ட்டும் கிடையாது, அப்பீலும் கிடையாது. உள்ளங்கையால் அந்தச் சுடரை அடித்து அணைத்து ஒன்றைச் சொல்லிவிட்டால் அது சொன்னதுதான். பொய்ச் சத்தியம் என்றால் குடும்பத்தில் ஒரு உயிர் போகும் என்பார்கள்.

முதலில் அத்தையைக் கூப்பிட்டார்கள். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நான் பெருக்கல்தான் போட்டேன், ஒண்ணே ஒண்ணு. ஆனா சூடத்தைத் தொடமாட்டேன். சின்ன வயசுல ஒரு தடவ உண்மைக்கே அணைச்சேன். அந்த மாசமே எம் புள்ள காய்ச்சல்ல போயிட்டான். அன்னிக்கு முடிவு பண்ணது, இனிமே எதுக்கும் இல்லன்னு."

"மடியில கனம் இருக்குது, அதான் பயம்" என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள்.

அடுத்து நான். வீடு கண் முன்னால் வந்தது. சாமானைத் தெருவில் போட்டுவிட்டு அப்பா நிற்பது போலத் தெரிந்தது. அம்மன் முகத்தைப் பார்க்காமல், "செல்லாத ஓட்டு என்னுது இல்ல" என்று சொல்லிச் சுடரின் மேல் கையை வைத்து அணைத்தேன். கை நடுங்கவே இல்லை. கரப்பான்பூச்சிக்கு நடுங்குகிற கை அது.

மறுநாளிலிருந்து அத்தைக்கு அளத்தில் வேலை இல்லை. முதலாளி சொன்னதால் அடுத்த அளத்திலும் சேர்க்கவில்லை. விடிந்தும் விடியாமலும் பஸ் பிடித்து அனுமந்தைக்குப் போய்க் கருவாடு காயவைத்தாள். கவுன்சில் கூட்டத்துக்கு வந்தால் கடைசி நாற்காலியில் தனியாக உட்காருவாள். நான் முன்வரிசையில் இருப்பேன்.

என் வண்டவாளம் என்றைக்குத் தண்டவாளம் ஏறுமோ என்று காத்திருந்தேன். உள்ளங்கையில் வந்த கொப்புளம் ஆறிய பிறகும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். அப்பா வரப்பில் வழுக்கி விழுந்து கால் வீங்கியபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அம்மனிடம் கெஞ்சினேன். அம்மா ரெண்டு தும்மல் போட்டால் ஓடிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். வேடிக்கை என்னவென்றால், வெளியில் என் மதிப்பு ஏறிக்கொண்டே போனது. தெருவிளக்கு வாங்கினேன், குடிநீர்க் குழாய் வாங்கினேன். ஆபீசில் மனு கொடுக்கப் போனால், "சூடம் அணைச்ச பொண்ணு, பொய் பேசாது" என்று நாற்காலி போட்டார்கள். அப்படிச் சொல்லக் கேட்கும்போதெல்லாம் அந்தக் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொள்வேன்.

மழைக்காலம் முடிந்து தை பிறந்தது. அளத்தில் உப்பு விளையும் புதுப் பாத்திக்குத் தரை இறுகச் சேறு மிதிக்க ஆள் கூப்பிட்டார்கள். அப்போதும் அத்தையைக் கூப்பிடவில்லை. அவள் கால்மாட்டில் கருவாட்டுக் கூடையோடு பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அன்றைக்கு எனக்குப் பயத்தை விட வெட்கம் பெரிதாகிவிட்டது.

நேராக அளத்துக்குப் போனேன். வரிசையாக நின்று சேறு மிதித்துக்கொண்டிருந்தார்கள், அப்பாவும்தான். முதலாளி வரப்பில் குடை பிடித்து நின்றார். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"ஐயா, அந்தச் செல்லாத ஓட்டு என்னுது. டிக்கும் பெருக்கலும் நான்தான் போட்டேன். அத்தை மேல தப்பில்ல."

வீடு போகும், அடி விழும் என்று எல்லாவற்றுக்கும் தயாராக வந்திருந்தேன். முதலாளி சிரித்தார்.

"ஏம்மா, அவ மேல பாவப்பட்டு இப்படி வந்து நிக்கறியா? நீ சூடம் அணைச்சவ. பொய்யா அணைச்சிருந்தா உங்க வீட்டுல இந்நேரம் ஒண்ணு விழுந்திருக்கும்ல? பாருங்கடா, இது மனசு! அடுத்த தடவையும் நீதாம்மா கவுன்சிலர்."

"அப்போ அத்தை?"

"அவ வந்து சூடம் அணைக்கட்டும். நாளைக்கே வேல."

சேற்றில் நின்றவர்கள் என்னைக் கையெடுத்துக் கும்பிடாத குறையாகப் பார்த்தார்கள். அப்பா மட்டும் தலையைத் தூக்கவில்லை. என் கையில் முதன்முதலாகச் சாக்பீஸைக் கொடுத்தவர் அவர்.

சாயங்காலம் அத்தை வீட்டுக்குப் போனேன். அவள் பைப்படியில் கருவாட்டு நாற்றம் போகக் கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். அழுதேன். அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"எல்லார் எதிர்லயும் சொன்னியா?"

"சொன்னேன் அத்தை."

"நம்புனாங்களா?"

"இல்ல."

அவள் கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"நானும் அன்னிக்கு உண்மையத்தான பாப்பா சொன்னேன்" என்றாள்.