மோகன்ராஜ் மகளுக்கு வாங்கிக் கொடுத்த சான்றிதழ்

மலைமேல் இருக்கும் சோளக்காடு ஊர் டீக்கடையைப் பற்றி மோகன்ராஜுக்கு ஒரு மனக்குறை உண்டு. அங்கே யாரும் அவரோடு சண்டைக்கு வருவதில்லை. சாதி ஒழிய வேண்டும் என்பார், ஆமாங்க என்பார்கள். பெண்கள் கருவறைக்குள் போய்ப் பூசை செய்தால் என்ன என்பார், செய்யட்டுமுங்க என்பார்கள். மலையை முழுசாக ரிசார்ட்டுக்காரனுக்கு எழுதிக் கொடுக்கப் போகிறார்கள் என்று மேசையைத் தட்டுவார். டீ ஆறுதுங்க, குடிங்க என்பார் கடைக்காரர். சென்னையில் இதே பேச்சுக்கு எதிராளி சட்டையைப் பிடித்த காலமெல்லாம் உண்டு. இங்கே அவர் ஆலத்தூர் நாட்டுச் சென்றாயன் வீட்டு மாப்பிள்ளை. மாப்பிள்ளை என்ன சொன்னாலும் தலையாட்டிக் கேட்டுக்கொள்வது மரியாதை.

கைக்குழந்தையோடு மலையேறி வந்தவர். அந்தக் குழந்தை பிளஸ் டூவே முடித்துவிட்டது, இவருக்கு இன்னமும் மலை பழகவில்லை. காப்பிச் செடி வீட்டுக்குப் பின்னாலேயே நிற்கிறது. காப்பித்தூள் மட்டும் மயிலாப்பூரிலிருந்து பார்சலில் வர வேண்டும். தொழில், புத்தகங்களுக்கு அட்டைப்படம் வரைவது. அதோடு போராட்டத்துக்குப் பதாகை, மாநாட்டுக்குச் சுவரொட்டி, யார் கேட்டாலும் வரைந்து கொடுப்பார். காலையில் காப்பி டம்ளரோடு பலா மரத்தைத் தாண்டிப் பாறைமேல் ஏறுவார். அங்கேதான் செல்போனுக்கு சிக்னல் கிடைக்கும். ஏறினால் உலகத்துக்கே நியாயம் எழுதிப் பதிவு போட்டுவிட்டுத்தான் இறங்குவார். அதைப் படிக்கிறவர்கள் சென்னையிலும் கோவையிலும் இருந்தார்கள். மலையில் ஒருவரும் இல்லை.

அதற்காக அவரை வெறும் வாய்ப்பேச்சு என்று தள்ளிவிடவும் முடியாது. சேலத்தில் அவர் அப்பாவுக்கு அரிசி மண்டி. மண்டியின் பெயர்ப்பலகையில் அப்பாவின் பெயரைவிட அதன் பின்னால் இருந்த சாதிப்பட்டம் பெரிய எழுத்தில் இருக்கும். ஓவியக் கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு வந்த மோகன்ராஜ் ஒரு விடியற்காலையில் அந்தப் பட்டத்தின்மேல் வெள்ளை பெயின்ட் அடித்துவிட்டு பஸ் ஏறிவிட்டார். பிற்பாடு நர்ஸ் படிப்பு படித்துக்கொண்டிருந்த கோகிலாவைக் கட்டிக்கொண்டபோது, மலைசாதிப் பெண் இந்தப் படியை மிதிக்கக்கூடாது என்று அப்பா கதவைச் சாத்தினார். சாத்திய கதவு அவர் சாகும்வரை திறக்கவில்லை. கோகிலாவுக்கு மலையிலேயே ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை கிடைத்ததும் இருவரும் குழந்தையோடு இங்கே வந்துவிட்டார்கள். சாதிப் பெருமை பேசும் புத்தகம் எதற்கும் இன்றுவரை அவர் அட்டை வரைந்ததில்லை. சொன்னபடி வாழ்ந்த மனிதர்தான். நடந்ததெல்லாம் அதனால்தான் நடந்தது.

மகளுக்குக் கலைமணி என்று பெயர் வைத்தார். பெயரை வைத்து எந்தச் சாதி, எந்த மதம் என்று ஒருத்தனும் கண்டுபிடிக்கக் கூடாது என்பது அவர் கணக்கு. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது சாதிக் கட்டத்தைக் காலியாக விட்டார். அவள் ஐந்தாவது படிக்கும்போது, ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, இந்தப் பெண் எந்தச் சாதியையும் எந்த மதத்தையும் சேராதவள் என்று அரசாங்க முத்திரையோடு ஒரு சான்றிதழ் வாங்கினார். கையெழுத்துப் போடக் கோகிலா யோசித்தாள். "இப்ப எதுக்குங்க, இருக்கட்டுமே" என்றாள். பிறகு ஹாஸ்டல் ஞாபகம் வந்திருக்க வேண்டும். கோட்டாவுல வந்தவ என்று அவள் தட்டைத் தனியே நகர்த்தி வைத்த பெண்களோடு படித்தவள் அவள். மகளுக்காவது அந்தப் பேச்சு வேண்டாம் என்று போட்டுவிட்டாள்.

செய்தித்தாளில் படம் வந்தது. சென்னையில் ஓர் அரங்கத்தில் கூட்டம் போட்டு, இரட்டைச் சடையோடு கலைமணியை மேடையேற்றிக் கைதட்டினார்கள். சான்றிதழுக்குக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டினார் மோகன்ராஜ். அப்புறம் மகளின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அதைப் பற்றி ஒரு பதிவு. எழுத்து அவருக்கு நன்றாகவே வரும்.

கலைமணிக்கோ எழுத்தும் வராது, ஓவியமும் வராது. அவளுக்கு ஆடு மாடுதான் எல்லாம். அப்புச்சி என்று அவள் கூப்பிடும் தாத்தா சென்றாயனின் காட்டில் ஆடு குட்டி போடுகிறது என்றால் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிடுவாள். ஒருமுறை பசு ஒன்று வயிறு உப்பிக் கிடக்க, கீழேயிருந்து டாக்டர் வந்து சேர்வதற்குள் அது செத்துப்போனது. அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், மாட்டு டாக்டருக்குத்தான் படிக்கப் போகிறேன் என்று அன்றைக்குச் சொன்னாள். அதற்குப் பிறகு வேறெதையும் அவள் சொன்னதில்லை. பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண்தான். பொதுப்பிரிவில் அந்த மதிப்பெண்ணுக்குக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் கேட்டைக்கூடத் தொட முடியாது. பழங்குடியினர் பிரிவில் என்றால் கூப்பிட்டு இடம் கொடுப்பார்கள்.

மதிப்பெண் வந்த அன்றைக்குத்தான் கல்யாணமான நாளிலிருந்து பேசாததையெல்லாம் கோகிலா பேசினாள்.

"ஏனுங்க, நீங்க விட்டது மண்டிக்காரர் ஊட்டுச் சாதிங்க. அத விட்டதால உங்கள யாரும் கீழ எறக்கி வெக்கல. மேடையில ஏத்தித்தான் வெச்சாங்க. என்னுது அப்படி இல்லீங்க. அது இருந்ததாலதான் நான் படிச்சேன், இந்த வேலைக்கு வந்தேன். எம்புள்ளைக்கு எங்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான். அதையும் நானே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன்."

 இட ஒதுக்கீடு பிச்சையில்லை, உரிமை என்று எத்தனையோ பதாகைகளில் எழுதிய கை மோகன்ராஜுடையது. அந்த உரிமை தன் வீட்டுக்குள்ளேயே இருந்தது அவருக்குத் தெரியாமலா இருந்தது? தெரியும். சாதி என்ற சொல்லுக்குக் கீழே எல்லாவற்றையும் சேர்த்துக் கழித்துவிட்டார். 

அம்மாவின் இனத்தைப் பிள்ளைக்குக் கேட்கலாம் என்று சட்டத்தில் வழி இருந்தது. மனுப் போட்டார்கள். பிள்ளை அந்த மக்களின் வழக்கப்படி, அவர்களில் ஒருத்தியாக வளர்ந்தவள்தானா என்று ஊரில் நேரில் விசாரித்துத்தான் கொடுப்பார்கள் என்றார்கள். கல்லூரிக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. 

எந்த வழக்கத்தை மோகன்ராஜ் நடக்கவிட்டார்? காதுகுத்து வேண்டாம் என்றார். கோகிலா சேலத்தில் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் மகளுக்குக் காது குத்திக்கொண்டு வந்தாள். பெண் வயசுக்கு வந்தபோது சென்றாயன் பேளுக்குறிச்சிச் சந்தையில் பட்டுப்பாவாடை எடுத்து, மகனையும் கூட்டிக்கொண்டு, சீர்த்தட்டோடு வாசலில் வந்து நின்றார். "இது பெண்ணை அவமானப்படுத்துற சடங்கு மாமா, என் வீட்டில் நடக்காது" என்று மோகன்ராஜ் நின்ற இடத்திலேயே சொன்னார். சென்றாயன் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத் தட்டோடு திரும்பிப் போனார். அதற்குப் பிறகு அவர் மகள் வீட்டுப் படி ஏறவில்லை. பேத்திதான் அவரைத் தேடிக் காட்டுக்குப் போவாள்.

இப்போது அந்த மாமனாரிடம்தான் மோகன்ராஜ் போய் நின்றார். என்ன கேட்பது என்று தெரியாமல் மிளகுக் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சென்றாயனே முந்திக்கொண்டார்.

"கோகிலா சொல்லுச்சு மாப்பளை. ஆபீசர் வரட்டும், நான் பேசிக்கறேன்."

விசாரணைக்கு வந்த அதிகாரி இமானுவேல் கீழ்நாட்டுக்காரர். பதமான பேச்சு, சிரித்த முகம். சென்றாயன் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். பங்காளிகள் நாலைந்து பேர் சுற்றி நின்றார்கள். கலைமணி அம்மாவின் தோளை ஒட்டி நின்றாள்.

"பொண்ணு உங்க வழக்கப்படிதான் வளர்ந்துச்சா பெரியவரே?"

"எங்க புள்ளைங்க சாமி அது. வேற யாரு புள்ளைங்க?"

"காதுகுத்து நடந்துச்சா?"

"எம் மவன் மடியில வெச்சுத்தானுங்க குத்துனோம். கெடா வெட்டிச் சோறு போட்டமுங்க. இந்தா, இவங்கெல்லாம் வந்து தின்னுட்டுத்தான் போனாங்க."

பங்காளிகள் ஆமாங்க என்றார்கள்.

"வயசுக்கு வந்த சீர்?"

சென்றாயன் மருமகனைப் பார்க்கவில்லை. "பச்ச ஓலையில குடிசை கட்டி ஒக்கார வெச்சமுங்க. தாய்மாமன் தட்டு கொண்டுக்கிட்டுப் போனானுங்க. பட்டுப்பாவாடை நானே எடுத்தேன், அரக்குக் கலருங்க. புள்ளைக்கு நல்லா இருந்துச்சு."

பாவாடை எடுத்தது நிஜம். அது புள்ளைக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை அவர் எத்தனை தடவை மனசுக்குள் பார்த்திருந்தால் இப்படிச் சொல்ல வந்திருக்கும்! மோகன்ராஜ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாழ்நாளில் பொய்க்குத் துணை போகாதவர், இந்தப் பொய் நிலைக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டார். யாரிடம் வேண்டிக்கொள்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை.

இமானுவேல் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு எழுந்தார். "சார், கொஞ்சம் வாங்க" என்று மோகன்ராஜைத் தனியே காட்டு ஓரத்துக்குக் கூட்டிப்போனார்.

"நான் உங்கள ரொம்ப வருஷமாப் படிக்கிறவன் சார். சென்னையில அந்தக் கூட்டத்துக்கு நானும் வந்திருந்தேன். பாப்பா மேடையில நின்னப்போ கண்ணுல தண்ணி வந்துருச்சு" என்றார். பிறகு செல்போனை எடுத்து நீட்டினார். அதில் மோகன்ராஜின் பழைய பிறந்தநாள் பதிவு ஒன்று இருந்தது.

என் மகளுக்குக் குலசாமி இல்லை. அவள் எந்தத் தாய்மாமன் மடியிலும் உட்கார்ந்து காது குத்திக்கொள்ளவில்லை. சீர்த்தட்டு என் வாசலோடு திரும்பிப் போனது. அவள் எந்தக் குலத்துக்கும் சொந்தமில்லாதவள், உலகத்துக்கே சொந்தமானவள்.

"நல்லா எழுதியிருந்தீங்க. நானே பகிர்ந்தேன் சார், கீழ பாருங்க, என் பேரு இருக்கும்."

"இப்பவே அழிச்சிடறேன்" என்றார் மோகன்ராஜ். 

"அழிச்சா மட்டும் போதுமா சார்? பேப்பர்ல வந்திருக்கு. ஆயிரக்கணக்கான பேருகிட்ட இருக்கு. இந்த இடம் கிடைக்காத யாராவது ஒருத்தர் இதக் கொண்டுபோய்க் காட்டினா, பொய்ச் சான்றிதழ்னு பொண்ணைப் படிப்பு நடுவுல வெளிய அனுப்புவாங்க. கையெழுத்துப் போட்ட நானும் பதில் சொல்லணும். நான் முடியாதுன்னு எழுதினா நீங்க அப்பீல் பண்ணலாம், வருஷக்கணக்குல ஆகும்."

 இமானுவேலுக்குக் கிளம்ப மனம் வரவில்லை.

"எங்க தாத்தா சாதி வேண்டாம்னுதான் சார் கிறிஸ்தவ வேதத்துக்கு வந்தாரு. ஊர்ல இன்னிக்கும் எங்களுக்குத் தனிக் கல்லறைதான். சாதி எங்க கூடவே வந்துருச்சு. அதுக்கு அரசாங்கம் குடுத்த சலுகைதான் கூட வரல." செல்போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே, "நீங்க எழுதினது தப்பில்ல சார்" என்றார். அதைச் சொல்லாமலே போயிருக்கலாம்.

மனுவை ஏற்க இயலவில்லை என்று பதில் வந்தது. கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாளும் போனது. கலைமணி அழவில்லை; ஆட்டுப் பட்டிக்குப் போய்விட்டு இருட்டும் நேரத்தில் வந்தாள். மோகன்ராஜ்தான் கேட்டார்: "அப்பா மேல கோவமா கண்ணு?"

"இல்லப்பா."

"நான் செஞ்சது தப்புன்னு நினைக்கிறியா?"

அவள் யோசித்தாள். "தப்பில்லப்பா. நீங்க சொல்றது எல்லாம் சரிதான். அப்புச்சி ஊட்டுல செவலை ஆடு சினையா இருக்குது, அதத்தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள். கோபித்திருந்தால் அவரால் தாங்கியிருக்க முடியும்.

கடைசியில் மலைக்குக் கீழே ஒரு கலைக் கல்லூரியில் பி.காம். படிப்புக்கு இடம் மிச்சம் இருந்தது. கிளம்பும் நாள் காலையில் கலைமணி கூடத்துச் சுவரிலிருந்து கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றி, பின்பக்க அட்டையை நெம்பி, சான்றிதழை வெளியே எடுத்து மதிப்பெண் பட்டியலோடு வைத்துக்கொண்டாள். வெறும் சட்டத்தைத் திரும்ப ஆணியில் மாட்டினாள். "அங்க கேப்பாங்கல்லப்பா" என்றாள். பஸ்ஸில் அப்பாவும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, வளைவுக்கு வளைவு ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு இறங்கினார்கள். 

சேர்க்கை அறையில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த அம்மா கலைமணியின் பெயரை அடித்தார், பிறந்த தேதியை அடித்தார். "இனம்?" என்றார். கலைமணி சான்றிதழை நீட்டினாள். அவர் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இதுல இனம் போடலியேம்மா."

"இல்லீங்க. இல்லைன்னுதானுங்க அதுல போட்டிருக்குது."

"அப்படின்னு ஒரு கட்டம் இதுல இல்லியே கண்ணு. ஏதாவது ஒண்ணு போட்டாத்தான் அடுத்த பக்கம் வரும்." பிறகு மோகன்ராஜைப் பார்த்து மரியாதையாகக் கேட்டார்: "நீங்க எந்த ஊருங்க சார்? என்ன ஆளுங்க?"

இந்தக் கேள்விக்கு மோகன்ராஜ் ஆயுசு முழுக்கப் பதில் வைத்திருந்தவர். எத்தனை மேடைகளில், எத்தனை டீக்கடைகளில் சொல்லியிருக்கிறார். இப்போது மேசைமேல் இருந்த மதிப்பெண் பட்டியலை எடுத்து அதன் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார். 

"அப்ப ஓ.சி.ன்னுதான் போடணும்" என்றார் அந்த அம்மா. "மலையில இருந்து வர்றீங்க, நான் வேறென்னமோ நெனச்சேன். பெரிய ஆளுங்களா நீங்க?"

"போட்டுக்கோங்க" என்றாள் கலைமணி.

அவர் போட்டார். அடுத்த பக்கம் வந்தது.