டேப்பின் மறுமுனை

பஸ் டிப்போவில் எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும், எந்த ஓட்டுநர் எதில் ஏற வேண்டும் என்று முடிவு செய்பவரின் மூத்த மகள் அவள். அந்த ரத்தம் எங்கே போகும்? வீட்டில் எல்லோரும் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினால் யார் முதலில் குளிப்பது என்பதை அவள்தான் சொல்வாள். கட்டடக்கலைக் கல்லூரியில் சேர்ந்த முதல் மாதமே அவளுக்கு ‘ஹெட்மாஸ்டர்’ என்று பேர் விழுந்துவிட்டது. பேர் வைத்தது சிட்டு. வேறு யார் வைத்திருந்தாலும் சண்டைக்குப் போயிருப்பாள்.

சிட்டு ஆள் குட்டை, நடை வேகம், பேச்சு அதைவிட வேகம். கட்டடத்தை அளக்கும் வேலையில் இருவரும் முதல் வருஷத்திலிருந்தே ஜோடி. ஒருத்தி டேப்பின் நுனியைச் சுவரில் வைத்துப் பிடிக்க வேண்டும், இன்னொருத்தி மறுபக்கம் நின்று எண்ணைப் படித்து எழுத வேண்டும். நுனி ஹெட்மாஸ்டருடையது, எண் சிட்டுவுடையது. டேப் சிட்டுவின் அண்ணன் கழித்துக் கொடுத்த பழசு. நுனியிலிருக்கும் தகரக் கொக்கி ஆடும் என்பதால் ஹெட்மாஸ்டர் அதை நம்பாமல், பத்து சென்டிமீட்டர் கோட்டைச் சுவரில் வைத்துப் பிடிப்பாள். சிட்டு படிக்கிற எண்ணில் பத்தைக் கழித்து எழுதுவாள். ஆரம்பத்தில் என்றோ ஒரு நாள் பேசி வைத்துக்கொண்டது அது. அப்புறம் வாய் திறந்ததே இல்லை. புருஷன் பெண்டாட்டிக்குள் யார் எந்தப் பக்கம் படுப்பது என்பதுபோல அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

லீவு முடிந்து போனதும் கடைசி வருஷ வேலைக்கு யாருக்கு யார் ஜோடி என்று வாத்தியாரிடம் சொல்ல வேண்டும். வருஷம் முழுக்க ஒரே மேஜை, இருவருக்கும் ஒரே மார்க். இத்தனை நாள் சிட்டுவிடம் இதைக் கேட்கத் தேவையே இருந்ததில்லை. இந்தத் தடவை கேட்டுவிடலாமா என்று தோன்றிற்று. அப்படித் தோன்றியதே அவளுக்கு அவமானமாக இருந்தது.

காரணம் ‘புதுசு’ என்று கூப்பிடப்பட்ட ஒருத்தி. வேறு கல்லூரியிலிருந்து மாறி வந்தவள். வந்து ஒரு வருஷம் ஆகியும் பேர் மட்டும் புதுசாகவே நின்றுவிட்டது. விமான டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறது, நாலு பேராகப் வெளிநாட்டுத் தலைநகரம் ஒன்றுக்குப் போய்விட்டு வரலாம் என்று ஹெட்மாஸ்டர் திட்டம் போட்டபோது, அந்த நாலாவது ஆளாகப் புதுசைச் சேர்த்ததும் சிட்டுதான். மூன்றாவது, கொட்டாவி. உட்கார இடம் கிடைத்தால் தூங்கிவிடும் பெண். அவளால் யாருக்கும் நல்லதுமில்லை கெட்டதுமில்லை.

விமானத்தில் ஜன்னலோர சீட்டில் சிட்டு, பக்கத்தில் புதுசு. ஒரே இயர்போனின் ஒரு முனை இவள் காதில், மறுமுனை அவள் காதில். பின்வரிசையில் ஹெட்மாஸ்டர் கொட்டாவியின் தலையைத் தோளில் தாங்கிக்கொண்டு, முன்னால் ஆடுகிற இரண்டு தலைகளையும் பார்த்துக்கொண்டே வந்தாள். தங்குமிடத்தில் இரண்டடுக்குக் கட்டில்கள். சிட்டு எப்போதும் மேல்கட்டில், ஹெட்மாஸ்டர் அதற்குக் கீழ். அன்றைக்குப் புதுசு கீழே பையை வைத்துவிட்டாள். சிட்டு தன் பாட்டுக்கு மேலே ஏறிவிட்டாள். ஹெட்மாஸ்டர் எதிர்க்கட்டிலில் போர்வையை உதறியபோது அது துணி உதறுகிற சத்தமாக இல்லை.

புதுசைத் திட்ட ஒரு காரணமும் கிடைக்கவில்லை என்பதுதான் பெரிய எரிச்சல். அவள் எல்லோருக்கும் தண்ணீர் பிடித்து வந்தாள். டிராமில் எழுந்து இடம் கொடுத்தாள். குளிர்காற்று அடித்ததும் தன் மப்ளரை எடுத்துச் சிட்டுவின் கழுத்தில் சுற்றிவிட்டாள். ஹெட்மாஸ்டரின் பையிலும் ஒரு மப்ளர் இருந்தது. சிட்டுவுக்குக் குளிரும் என்று தெரிந்தே எடுத்து வந்தது. அது பையிலேயே கிடந்தது. இரண்டு பேரும் பாதி வார்த்தையில் ஏதோ சொல்லிச் சிரிப்பார்கள். என்னவென்று கேட்டால், “ஒண்ணுமில்லடி, நேத்து ஒரு ஆளைப் பாத்தோம்” என்பார்கள். நேற்று அந்த ஆளை ஹெட்மாஸ்டரும்தான் பார்த்தாள். அவளுக்கு ஏன் சிரிப்பு வரவில்லை என்பதைத்தான் யாரும் சொல்லவில்லை.

மறுநாள் பழைய சந்தைக் கட்டடம். ஆளுக்கொரு மாடிப்படியை அளந்து வரைந்து வர வேண்டும் என்பது லீவு வேலை. சந்தைக்குள் இரண்டு பக்கமிருந்தும் ஏறி நடுவில் சேருகிற இரும்புப் படியைப் பார்த்ததுமே இதுதான் என்னுடையது என்று சிட்டு சொல்லிவிட்டாள். ஹெட்மாஸ்டர், படகு டிக்கெட் தீர்ந்துவிடும், ஒரு எட்டு போய் வாங்கி வந்துவிடுகிறேன், அப்புறம் அளக்கலாம் என்று ஆற்றங்கரைக்கு ஓடினாள். டிக்கெட்டோடும் நாலு ஆப்பிளோடும் மூச்சிரைக்கத் திரும்பியபோது அளவெடுப்பு பாதி முடிந்திருந்தது. டேப்பின் நுனி புதுசின் கையில்.

கீழ்ப்படியில் போய் உட்கார்ந்து ஓர் ஆப்பிளைக் கடித்தாள். அப்போதுதான் கண்ணில் பட்டது. புதுசு கொக்கியைச் சுவரில் முட்டவைத்து, ஒழுங்கான பிள்ளையாக, பூஜ்யத்திலிருந்து பிடித்துக்கொண்டிருந்தாள். சிட்டு அந்தப்பக்கம் எண்ணைப் படித்து, பழக்க தோஷத்தில் பத்தைக் கழித்து எழுதிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு இழுப்புக்கும் பத்து சென்டிமீட்டர் காணாமல் போய்க்கொண்டிருந்தது.

ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. அதே நேரம் புதுசு ஏதோ சொல்ல, சிட்டு டேப்பைக் கீழே விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஹெட்மாஸ்டர் வாயில் வந்ததை ஆப்பிளோடு சேர்த்து மென்று விழுங்கினாள். அந்த ஆப்பிள் அவ்வளவு ருசியாக இருந்தது.

சாயங்காலம் அறைத் தரையில் காகிதத்தை விரித்துச் சிட்டு வரைய உட்கார்ந்தாள். படி ஏறிற்று, ஆனால் மேல்தளத்தைப் போய்ச் சேரவில்லை. துண்டு துண்டாக எடுத்த அளவைக் கூட்டினால் ஒன்று, மொத்தமாக எடுத்த அளவு வேறொன்று. அழித்தாள், கூட்டினாள், மறுபடி அழித்தாள். எண்ணைத் தப்பாகப் படித்தோமோ, தப்பாக எழுதினோமோ என்று இரண்டு பேரும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். ஹெட்மாஸ்டர் கட்டிலில் உட்கார்ந்து சாக்ஸ் மடித்துக்கொண்டிருந்தாள். இப்போது வந்து தன்னைக் கேட்பாள், கேட்டால் உடனே சொல்லிவிடுவேன் என்று காத்திருந்தாள். அவள் எழுதி வைத்திருந்த நாடகத்தில் அடுத்த வசனம் சிட்டுவுடையது.

சிட்டு புதுசைத்தான் பார்த்தாள். காலையில் திரும்பப் போய் அளந்துவிடலாமா என்று கேட்டாள். படகு டிக்கெட் வாங்கியாயிற்றே என்று புதுசு இழுக்க, படகு எங்கே போய்விடும், அவர்கள் இரண்டு பேரும் போய்வரட்டும் என்று சிட்டு முடித்துவிட்டாள்.

ஆக, தான் வாயை மூடிக்கொண்டதில் புதுசுக்கு முழுசாக ஒரு காலைப்பொழுது பரிசாகப் போயிற்று. படகில் ஹெட்மாஸ்டர் ஆற்றையும் பார்க்கவில்லை, பாலத்தையும் பார்க்கவில்லை. பக்கத்தில் கொட்டாவி ஒலிபெருக்கிக்குக் கீழேயே தூங்கிக்கொண்டு வந்தாள். அம்மா போன் பண்ணி எல்லோரும் சேர்ந்து ஜாலியாக இருக்கிறீர்களா என்று விசாரித்தாள். ரொம்ப ஜாலி என்று சொன்னபோது குரல் கொஞ்சம் பிசகியது. சளியா என்று அம்மா கேட்டாள். சளிதான் என்றாள்.

மத்தியானம் அறைக்குத் திரும்பியபோது சிட்டு தனியாக ஜன்னலோரம் நின்றிருந்தாள். புதுசு ரொட்டி வாங்கப் போயிருந்தாள். கொட்டாவி ஷூவைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் சாய்ந்தாள்.

“அவ கொக்கியிலேருந்து பிடிச்சிருக்கா. நான் பத்தைக் கழிச்சிருக்கேன். இன்னைக்குப் போய் மொத இழுப்புலயே தெரிஞ்சிடுச்சு” என்றாள் சிட்டு.

ஹெட்மாஸ்டர் ஷூ நாடாவை அவிழ்ப்பதில் மும்முரமாக இருந்தாள்.

“நீ நேத்து அந்தப் படியிலதான உக்காந்திருந்த? ஆப்பிள் தின்னுக்கிட்டு?”

“ஆமா.”

“பாத்தியா இல்லையா, அதை மட்டும் சொல்லு.”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கோணலாக ஒட்டிய டைல்ஸை எதிர் பிளாட்பாரத்திலிருந்து கண்டுபிடிக்கிறவள், தன் டேப் தப்பாகப் பிடிபடுவதைக் கவனிக்கவில்லை என்றால் சிட்டு நம்பவா போகிறாள்?

“பாத்தேன்.”

“சொல்ல வேண்டியதுதானடி?”

“என்னைக் கேட்டியா நீ? நான் வர்ற வரைக்கும் காத்துக்கிட்டிருந்தியா?”

சிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சாதாரணமாக அவள் இப்படி முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள் இல்லை. அதைக் கண்டு ஹெட்மாஸ்டருக்குத் தைரியம் வந்துவிட்டது, வந்திருக்கவே கூடாது.

“உனக்கு அவதான் சரிப்படுவா. கடைசி வருஷமும் அவளோடயே பண்ணிக்கோ” என்றாள்.

அடுத்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். போடி லூசு என்று சிட்டு தலையில் குட்டுவாள். முதல் வருஷத்திலிருந்து எந்தச் சண்டையும் அந்தக் குட்டில்தான் முடிந்திருக்கிறது. அவள் தலையைக் கொஞ்சம் குனிந்துகூடக் கொடுத்தாள்.

சிட்டு மப்ளரைக் கழற்றிக் கையில் சுருட்டினாள். “அவ இன்னும் என்னைக் கேக்கல. நானும் உன்னைத்தான் நெனச்சிட்டிருந்தேன், போதுமா? ஆனா நீ ஒக்காந்து வேடிக்கை பாத்தது மனசுல நின்னுடும்டி எனக்கு. வருஷம் பூரா பக்கத்துல ஒக்காந்து அதையே நெனச்சிட்டிருப்பேன்.” கொஞ்சம் நிறுத்தி, “நீ சொன்ன மாதிரியே பண்ணிக்கறேன்” என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. கோபம் ஆறிவிடும். இது டிப்போவில் அப்பா நாளைய வண்டியைச் சொல்வதுபோலச் சாதாரணமாக வந்தது. ஹெட்மாஸ்டர் ஒரு ஷூவோடு உட்கார்ந்திருந்தாள். ரொட்டியோடு வந்த புதுசு, வெண்ணெய் போட்டதா சும்மாவா என்று அவளைத்தான் முதலில் கேட்டாள்.

திரும்புகிற நாள் விமான நிலையத்தில் மற்ற இருவரும் கடை பார்க்கப் போனார்கள். தோளில் சாய்ந்திருந்த கொட்டாவியின் தலையை ஹெட்மாஸ்டர் விரலால் தட்டினாள்.

“கடைசி வருஷத்துக்கு உனக்கு ஜோடி யாருடி?”

“யாரும் கேக்கல” என்றாள் கொட்டாவி, கண்ணைத் திறக்காமல்.

“என்னோட சேந்துக்கறியா?”

“காலையில எழுப்பி விடுவியா?”

“விடுவேன்.”

“திட்டாம?”

ஹெட்மாஸ்டர் யோசித்தாள். அது தன்னால் முடியாத காரியம் என்று அவளுக்கே தெரியும். முயற்சி பண்ணுவதாகச் சொன்னாள். கொட்டாவிக்கு அது போதுமானதாக இருந்தது. விட்ட இடத்திலிருந்து தூங்கத் தொடங்கினாள்.

எதிரே கண்ணாடிச் சுவர் வைத்த கடைக்குள் புதுசு ஒரு தொப்பியை எடுத்துச் சிட்டுவின் தலையில் வைத்தாள். பெரிய தொப்பி. மூக்கு வரை இறங்கிவிட்டது. சிட்டு சிரிப்பது தெரிந்தது, கேட்கவில்லை. அந்தத் தலைக்கு எந்த அளவு சரியாக இருக்கும் என்று ஹெட்மாஸ்டருக்குத் தெரியும். மேல்தட்டில் வலது ஓரத்தில் அது இருந்தது. எழுந்து போய்ச் சொல்லவில்லை. தோளில் ஒருத்தி தூங்குகிறாளே என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டு, அவர்களாக அதைக் கண்டுபிடிக்கிறார்களா என்று பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.